கடல் தெரிகிற வீடு ஏன் விலை போகவில்லை?

கேள்வி: ஈசிஆரில் கானத்தூருக்குத் தெற்கே, ஊராட்சி எல்லைக்குள் கடலைப் பார்த்த வீடு ஒன்று எங்களுக்கு இருக்கிறது. அப்பா 1996-ல் நாலு கிரவுண்டு மனை வாங்கி, 2003-ல் ஊராட்சி அனுமதியோடு தரைத்தளமும் மாடியுமாகக் கட்டினார். பின்பக்க கேட்டிலிருந்து கடல் சுமார் 80 மீட்டர். அப்பா, அம்மா இருவரும் இப்போது இல்லை. நான் சென்னையில், தங்கை அமெரிக்காவில். வீட்டை விற்க ஓராண்டாக முயல்கிறோம். மூன்று பேர் பார்த்து, பிடித்துப்போய், பத்திர நகல்களை வக்கீலிடம் கொடுத்த பிறகு விலகிவிட்டார்கள். "சிஆர்இசட் பேச்சை நீங்களாக எடுக்காதீர்கள். காரை பெயர்ந்த சன்ஷேடைப் பூசி பெயின்ட் அடித்துவிடுங்கள், வெளிநாட்டுப் பார்ட்டி ஒன்று தயாராக இருக்கிறது" என்கிறார் தரகர். என்ன செய்யலாம்? விற்ற பணத்தில் வேறொரு கடலோர வீடு வாங்கலாமா?

பதில்: மூன்று பேருக்கும் வீடு பிடித்திருந்தது, மூன்று வக்கீல்களும் வேண்டாம் என்றார்கள். அப்படியானால் கோளாறு வீட்டில் இல்லை, கோப்பில் இருக்கிறது. கடலோரத்தில் வாங்குபவர் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு, இன்று நிற்கிற வீட்டை இடித்துவிட்டு நாளை தன் விருப்பப்படி கட்டிக்கொள்ளும் உரிமைக்குத்தான் போகிறது. அந்த உரிமை உங்கள் மனைக்கு உண்டா, எவ்வளவு உண்டு என்பது தெரியாமல் பக்கத்து மனையின் கிரவுண்டு விலையை வைத்து விலை சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். முதலில் அதைத் தெரிந்துகொள்ளுங்கள், பிறகு விலையைப் பேசலாம்.

தரகர் சொன்ன சிஆர்இசட் என்பது கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம், கடலோரத்தில் எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்று சொல்லும் மத்திய அரசு விதி. அதன் அறிவிக்கை முதலில் வந்தது 1991 பிப்ரவரி 19-ல். பிறகு 2011-லும் 2019-லும் புதிதாக வந்தன. நகரமாக வளர்ந்துவிட்ட பகுதி இரண்டாம் வகை, ஊரகப் பகுதி மூன்றாம் வகை. முதல் இரண்டு அறிவிக்கைகளின்படி மூன்றாம் வகையில், பெரிய ஏற்றத்தில் கடல்நீர் எட்டும் எல்லையான உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை புதுக் கட்டுமானத்துக்குத் தடை. ஏற்கெனவே முறையான அனுமதியோடு இருக்கிற கட்டடத்தை அதே தளப்பரப்பு, அதே அடித்தளப் பரப்புக்கு மிகாமல் பழுதுபார்க்கலாம், 2011 அறிவிக்கையின்படி மறுபடி கட்டவும் செய்யலாம். இரண்டாம் வகை என்றால், ஏற்கெனவே இருக்கும் சாலைக்கோ அனுமதி பெற்ற கட்டடத்துக்கோ நிலப்பக்கமாக இருந்தால் கட்டலாம். 2019 அறிவிக்கை மூன்றாம் வகையை மக்கள்தொகை அடர்த்தியை வைத்து இரண்டாகப் பிரித்தது. 2011 கணக்கெடுப்பின்படி ஒரு சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் வசிக்கும் ஊர்களில் தடைப் பகுதி 50 மீட்டர், மற்ற ஊர்களில் பழையபடி 200 மீட்டர். ஆனால் அந்த 50 மீட்டர் சலுகை, புதிய அறிவிக்கையின்படி தயாரித்த கடற்கரை மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடம் ஒப்புதல் பெற்ற பிறகே செல்லும். "இப்போதெல்லாம் அம்பது மீட்டர்தான் சார்" என்று சொல்கிற தரகரிடம் எந்த வரைபடத்தின்படி என்று கேளுங்கள்.

உங்கள் 80 மீட்டர் எதிலிருந்து அளந்தது? அலை நுனியிலிருந்து என்றால் அது கணக்கில் சேராது. அலை நுனி நாளுக்கு நாள் மாறும். உயர் அலைக் கோடு அங்கீகாரம் பெற்ற நிறுவனம் குறித்துக் கொடுத்த கோடு. அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம் அப்படிப்பட்ட நிறுவனங்களில் ஒன்று. உங்கள் சர்வே எண்ணின் புலப்படத்தை 1:4000 அளவுள்ள வரைபடத்தின் மேல் பொருத்தி, எந்த வகை, கோட்டிலிருந்து எத்தனை மீட்டர் என்று குறித்த அறிக்கை ஒன்றை வாங்குங்கள். இது உங்கள் செலவு. வாங்குபவர் செய்யட்டும் என்று விட்டதால்தான் ஓராண்டு போயிருக்கிறது.

அடுத்தது அந்த 2003 அனுமதி. ஊராட்சி கொடுப்பது கட்டட அனுமதி. திட்ட அனுமதி, கிராமத்தைப் பொறுத்து, நகர் ஊரமைப்பு இயக்ககத்திடமோ சிஎம்டிஏவிடமோ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) பெற வேண்டியது. இந்த இரண்டும் இருந்தாலும் கடற்கரை ஒழுங்குமுறை அனுமதிக்கு ஈடாகாது. கொச்சி மரடு அடுக்குமாடிகளின் கதையும் இதுதான். 2006-ல் அப்போதைய ஊராட்சி கட்டட அனுமதி கொடுத்தது, மாநிலக் கடற்கரை மண்டல மேலாண்மை ஆணையத்தின் அனுமதி இல்லை. 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் இடிக்கச் சொன்னது, 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் நான்கு குடியிருப்புகளும் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. வீட்டுக்காரர்களுக்கு நீதிமன்றம் சொன்ன இடைக்கால இழப்பீடு ஆளுக்கு 25 லட்சம். கடலோரச் சொத்தைப் பார்க்கும் வக்கீல் எவரும் அதை மறந்திருக்க மாட்டார்.

ஆகவே அப்பாவின் பீரோவில் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். அனுமதி வரைபடத்தில் ஊராட்சி முத்திரை மட்டுமா, வேறு அலுவலகக் கடித எண் ஏதும் உண்டா? 1996 பத்திரத்தின் சொத்து விவரத்தில் காலிமனை என்று எழுதியிருக்கிறதா, ஓட்டுக் கட்டடம் ஒன்று குறிப்பிடப்பட்டிருக்கிறதா? 1991-க்கு முன்பே அங்கே கட்டடம் இருந்ததற்கு வீட்டுவரி ரசீதோ பழைய பத்திரமோ கிடைத்தால் உங்கள் நிலை வேறு. வீட்டில் இல்லையென்றால் ஊராட்சிக்கும் நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பித்து, கோப்பின் சான்றிட்ட நகலைக் கேளுங்கள். அனுமதி பெறாத மனைப்பிரிவுகளுக்கான 2017 வரன்முறைத் திட்டத்தில் மனையை ஒழுங்குபடுத்திய உத்தரவு இருந்தால் நல்லதுதான். ஆனால் அது மனைக்கு மட்டும், வீட்டுக்கும் சிஆர்இசட்டுக்கும் செல்லாது. தடைப் பகுதிக்குள் இருக்கும் வீட்டை "பின்தேதியில் ரெகுலரைஸ் பண்ணித் தருகிறேன்" என்று யாராவது வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

தேடி முடித்தபின் உங்கள் வீடு இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். தடைப் பகுதிக்கு வெளியே இருந்தால் பக்கத்து விலையைத் தைரியமாகக் கேட்கலாம். உள்ளே இருந்து, முறையான அனுமதியும் இருந்தால் "இதே அளவில் மறுபடி கட்டலாம், ஒரு அடி கூட்ட முடியாது" என்று சொல்லி விற்கலாம். இதற்கு வாங்குபவர்கள் இருக்கிறார்கள், கடற்கரையில் புது வரிசை இனி வராது என்பதால் நல்ல விலையும் கிடைக்கும். உள்ளே இருந்து அனுமதியும் இல்லையென்றால், நீங்கள் விற்பது மனையும் எத்தனை நாள் நிற்கும் என்று சொல்ல முடியாத ஒரு வீடும். வங்கிக் கடன் கிடைக்காது, ரொக்கமாக முழுப் பணம் வைத்திருப்பவர் மட்டுமே வருவார், அவர் அடித்துத்தான் கேட்பார். கசப்பான விலைதான். ஆனாலும் எல்லாவற்றையும் சொல்லி விற்றால் பின்னால் வழக்கு வராது.

"சொல்லாமல் விடுங்கள்" என்கிற ஆலோசனை தரகருக்குக் கமிஷன் வாங்கித் தரும், உங்களுக்கு வழக்கு வாங்கித் தரும். 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், 55-வது பிரிவு, வாங்குபவர் சாதாரண கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறைகளைத் தெரிந்த விற்பனையாளர் சொல்லியாக வேண்டும் என்கிறது. சொல்லாமல் விடுவது மோசடி என்றும் அதே பிரிவு சொல்கிறது. வெளிநாட்டுப் பார்ட்டி விஷயத்தில் இன்னொரு முடிச்சும் உண்டு. வெளிநாடுவாழ் இந்தியர் விவசாய நிலமோ பண்ணை வீடோ விலைக்கு வாங்கக் கூடாது. கடலோரத் தோப்புகளைப் பிரித்து விற்ற பல மனைகள் வருவாய்க் கணக்கில் இன்னும் புஞ்சையாகவே இருக்கின்றன. உங்கள் பட்டாவில் என்ன இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்.

பட்டாவைக் கையில் எடுத்தபின் அளவையும் சரிபார்க்க வேண்டும். நாலு கிரவுண்டு என்றால் பத்திரத்தில் 9,600 சதுர அடி, தரையில் எவ்வளவு? சர்வேயரை வைத்து நான்கு மூலையிலும் கல் பார்த்துவிடுங்கள். கடலோர வீடுகளில் வழக்கமாக இரண்டில் ஒன்று நடந்திருக்கும். கடல் கொஞ்சம் தின்றிருக்கும், அல்லது வீட்டுக்காரர் காம்பவுண்டைக் கடற்பக்கமாகத் தள்ளிக் கட்டியிருப்பார். முதலாவது என்றால் இருக்கிற அளவுக்கே விலை சொல்லுங்கள். இரண்டாவது என்றால் புறம்போக்கில் நிற்கும் சுவரை விற்பதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். அந்தச் சுவரைப் புகைப்படத்தில் பார்த்ததும் விலகியவர் உங்கள் மூவரில் ஒருவராகவும் இருக்கலாம். விளம்பரத்தில் "பிரைவேட் பீச்" என்று போட்டிருந்தால் அதையும் நீக்குங்கள். பட்டா நிலத்துக்கு அப்பால் உள்ள மணல் அரசுடையது. அதில் குப்பத்து மக்கள் வலை காயப்போடுவார்கள், படகு ஏற்றுவார்கள். அது அவர்கள் வழக்க உரிமை.

போர்வெல் பற்றி நீங்கள் எழுதவில்லை, இருக்கும் என்றே நினைக்கிறேன். 2011 அறிவிக்கையின்படி உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள், அங்கே வாழும் உள்ளூர் மக்களின் சொந்தப் பயன்பாடு தவிர, நிலத்தடி நீர் எடுக்கத் தடை. 200 முதல் 500 மீட்டர் வரை சாதாரணக் கிணற்றில் கையால் இறைக்கலாம், அதுவும் வேறு நீராதாரம் இல்லாதபோது. விதிக்குப் பின்னால் அறிவியல் இருக்கிறது. கடலோர மணலில் நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 மீட்டர் இருக்கும். மோட்டார் போட்டு மேலே ஒரு மீட்டர் இறக்கினால் கீழே உப்புநீர் 40 மீட்டர் ஏறிவரப் பார்க்கும். நீச்சல் குளத்தை போர்வெல் நீரால் நிரப்புகிற வீட்டில் சில ஆண்டுகளில் குழாயில் உப்பு வருவது இதனால்தான். நீரைச் சோதித்து அறிக்கையைக் கோப்பில் வையுங்கள். குடிநீருக்கான இந்தியத் தர அளவு, கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு வழியில்லாதபோது 2,000 வரை.

இனி அந்தச் சன்ஷேடு. தயவுசெய்து பூசாதீர்கள். துருப்பிடித்த கம்பி ஊதிப் பெருக்கிறது, மேலே உள்ள கான்கிரீட்டைத் தள்ளுகிறது, காரை பெயர்கிறது. உப்பேறிய பழைய கான்கிரீட்டில் பெயர்ந்த இடத்தை மட்டும் புதுக் கலவையால் அடைத்தால், ஒட்டுக்கு இரு பக்கமும் உள்ள கம்பி முன்பைவிட வேகமாக அரிக்கும். ஓரிரு மழைக்காலத்தில் ஒட்டைச் சுற்றி வளையமாக வெடிப்பு வரும். அனுபவமுள்ள பொறியாளர் பெயின்ட் வாசனையை வைத்தே சந்தேகப்படுவார்.

இதற்குப் பதிலாகக் கட்டமைப்புப் பொறியாளரைக் கொண்டு மூன்று சோதனை செய்யுங்கள். கம்பிக்கு மேல் எத்தனை மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்கிறது (கவரிங்) என்பது முதலாவது. இந்தியத் தரக் குறியீடு 456 கடலோரச் சூழலுக்கு 45 மில்லிமீட்டரும் கடல்நீர்த் தெறிப்பு படும் இடத்துக்கு 50 மில்லிமீட்டரும் கேட்கிறது. கான்கிரீட்டின் வலிமைத் தரம் முறையே எம் 30, எம் 35. அந்தக் காலத்து மேஸ்திரிகள் நகரத்து வழக்கப்படி இருபது, இருபத்தைந்தில் முடித்த வீடுகள் ஏராளம். இரண்டாவது, சிறிய துளை போட்டு எடுத்த பொடியில் குளோரைடு அளவு. கட்டும்போது போர்வெல் நீரில் கலவை போட்டிருந்தால் உப்பு உள்ளேயிருந்தே வந்திருக்கும். கம்பிக் கான்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. மூன்றாவது, கம்பியின் மின்னழுத்தத்தை அளக்கும் ஹாஃப் செல் சோதனை. தாமிர சல்பேட் மின்முனையில் மைனஸ் 350 மில்லிவோல்ட்டையும் தாண்டிக் கீழே போனால் கம்பி அரித்துக்கொண்டிருக்கும் வாய்ப்பு 90 சதவீதத்துக்கு மேல். முதலில் கடற்பக்கத் தூண்கள், பால்கனி, சன்ஷேடு, மேல்தொட்டியின் அடித்தளம், கழிவறைக்கு அடியில் உள்ள ஸ்லாப். மற்றவை பிறகு.

அறிக்கை மோசமாக வந்தாலும் முழுப் பழுதையும் நீங்கள் செய்ய வேண்டியதில்லை. கம்பிக்குப் பின்னால் வரை கான்கிரீட்டைக் கொத்தி எடுத்து, துருவை மணல் வீசிச் சுத்தம் செய்து, இளைத்த கம்பிக்குத் துணைக்கம்பி கட்டி, துத்தநாகப் பூச்சு கொடுத்து, மைக்ரோ கான்கிரீட்டால் மூட வேண்டிய வேலை அது. செலவழித்த பணம் விலையில் திரும்பாது. வாங்குபவர் உள்ளே அனைத்தையும் மாற்றத்தான் போகிறார். தலையில் விழக்கூடியதை மட்டும் அகற்றிவிட்டு, மீதிக்கு மதிப்பீடு எடுத்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள். இரும்புக் கைப்பிடிகளை மாற்றியே ஆகவேண்டும் என்றால் 316 ரகத் துருவேறா எஃகு போடுங்கள். 304 ரகம் கடற்காற்றில் சில மாதத்தில் பழுப்புப் புள்ளி போடும்.

பத்திரத்துக்கு வருவோம். பட்டா இன்னும் அப்பா பெயரில் இருந்தால் முதலில் வாரிசுச் சான்றிதழ், அதன்பின் கூட்டுப்பட்டா. அப்பா உயில் எழுதாமல் காலமாகியிருந்தால் அந்த நாளில் அவருடைய அம்மா, அதாவது உங்கள் பாட்டி, உயிரோடு இருந்தாரா என்று பாருங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் அவரும் முதல் வகுப்பு வாரிசு. அவர் பின்னர் காலமாகியிருந்தாலும் அவர் பங்கு உங்கள் அத்தை, சித்தப்பா, பெரியப்பா பக்கமும் போயிருக்கும். விலகிய வக்கீல்களில் ஒருவராவது இதைக் கேட்டிருப்பார்.

தங்கை நேரில் வர முடியாவிட்டால் பவர் பத்திரம் அனுப்பலாம். இந்தியத் துணைத் தூதரகத்திலோ, நோட்டரி முன் கையெழுத்திட்டு அப்போஸ்டில் பெற்றோ எழுதி அனுப்ப வேண்டும். இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிடுங்கள். அந்தக் கெடுவைத் தவறவிட்டுத் திரும்ப எழுதி வாங்குபவர்கள் நிறைய.

வரியில் உங்களுக்கும் தங்கைக்கும் வெவ்வேறு கணக்கு. உங்கள் பங்கில் வாங்குபவர் 1 சதவீதம் பிடிப்பார். தங்கை வெளிநாட்டில் வசிப்பவர் என்பதால் அவருக்கு நீண்டகால ஆதாயத்துக்கு 12.5 சதவீதம், அதன்மேல் கூடுதல் வரியும் செஸ்ஸும். வருமானம் ஒரு கோடியைத் தாண்டினால் மொத்தம் 14.95 சதவீதம் ஆகிறது. வாங்குபவருக்கு ஆதாயம் எவ்வளவு என்று தெரியாததால் தங்கை பங்கின் முழு விலையிலும் அதைப் பிடித்துவிடுவார். பிறகு கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறவேண்டும். தவிர்க்க, ஒப்பந்தம் போட்ட கையோடு வருமான வரித் துறையில் குறைந்த பிடித்தச் சான்றிதழுக்குத் தங்கை விண்ணப்பிக்க வேண்டும். அது வரச் சில வாரங்கள் ஆகும், கிரயத் தேதியை அதற்கேற்ப வையுங்கள். மனை 2001-க்கு முன் வாங்கியது என்பதால் 2001 ஏப்ரல் 1 சந்தை மதிப்பை விலையாக எடுக்கலாம், பத்திரப் பதிவுக்கு அரசு வைத்த அன்றைய வழிகாட்டி மதிப்புக்கு மிகாமல். 2003 கட்டுமானச் செலவைத் தனியே சேர்க்கலாம். பணவீக்கக் குறியீட்டோடு 20 சதவீதம் என்கிற பழைய கணக்கு உங்களுக்குச் சாதகமாக இருந்தால் அதை நீங்கள் எடுக்கலாம். தங்கைக்கு அந்த வாய்ப்பு இல்லை.

எவரும் சொல்லாத ஒரு பொறி இங்கே இருக்கிறது. வழிகாட்டி மதிப்பு சர்வே எண்ணைப் பார்க்குமே தவிர, தடைப் பகுதியைப் பார்க்காது. உங்கள் வீடு மேலே சொன்ன மூன்றாவது நிலையில் இருந்து, வழிகாட்டி மதிப்புக்கும் கீழே விலை போனால், வித்தியாசம் 10 சதவீதத்தைத் தாண்டியதும் நீங்கள் கையில் வாங்காத பணத்துக்கும் வரி கட்ட நேரும். வாங்கியவருக்கும் அந்த வித்தியாசம் வருமானமாகக் கணக்கில் வரும். அதனால் பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் சிஆர்இசட் தடையைக் காரணம் காட்டிய மதிப்பீட்டை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். வரித்துறை கேட்டால் துறையின் மதிப்பீட்டு அதிகாரிக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள், தமிழ்நாட்டில் அது கட்டாயம். வரைபட அறிக்கை, கட்டமைப்பு அறிக்கை, நீர்ச் சோதனை மூன்றையும் இணைப்பாக வைத்து, படித்துப் பார்த்தேன் என்று வாங்குபவரிடம் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்குங்கள். முன்பணத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம்.

விற்ற பணத்தில் மற்றொரு வீடு வாங்குவதானால் இரண்டு ஆண்டுக்குள் வாங்கினாலோ மூன்று ஆண்டுக்குள் கட்டினாலோ ஆதாய வரியில் விலக்கு உண்டு. கணக்குத் தாக்கல் கெடுவுக்குள் செலவாகாத பணத்தை மூலதன ஆதாயக் கணக்கில் போட்டுவிட வேண்டும். கடலோர வீடுதான் வேண்டும் என்றால், இதுவரை சொன்ன எல்லாவற்றையும் மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து நீங்கள் கேளுங்கள். முட்டுக்காடு மாதிரி கழிமுகத்தை ஒட்டிய வீடு கடலிலிருந்து தள்ளியிருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள், அலை ஏறி இறங்கும் நீர்நிலைக் கரைக்கும் சிஆர்இசட் உண்டு. மாமல்லபுரம் என்றால் தொல்லியல் சின்னத்திலிருந்து 100 மீட்டர் தடை, அதற்கப்பால் 200 மீட்டருக்கு முன் அனுமதி.

மனைக்குத் தெற்கே என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். நம் கிழக்குக் கரையில் ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மணல் வடக்கு நோக்கி நகர்கிறது. தெற்கே கடலுக்குள் நீளும் கல்சுவரோ துறைமுக அலைத்தடுப்போ இருந்தால் மணல் அதன் தென்பக்கம் தங்கிவிடும், வடபக்கக் கரை பட்டினி கிடந்து அரிக்கும். புதுச்சேரித் துறைமுகத்துக்கு வடக்கே உள்ள குப்பங்கள் 1989-க்குப் பிறகு கரையை இழந்தது இப்படித்தான். கூகுள் எர்த்தில் அந்த இடத்தின் பழைய ஆண்டுப் படங்களை வரிசையாக ஓட்டி, வேலிக்கும் நீருக்கும் இடையே தூரம் குறைகிறதா என்று பாருங்கள். நேரில் போவது கடல் சீறும் கார்த்திகை, மார்கழியில் இருக்கட்டும். காப்பீட்டை நம்பி வாங்க வேண்டாம். வீடுகளுக்கான பாரத் க்ருஹ ரக்ஷா பாலிசி புயல், வெள்ளம், சுனாமிக்குப் பணம் தரும். கடலரிப்பால் நிலம் சரிந்து வீடு விழுந்தால் தராது.